ஐ.இ.யா, இ.ஜி.யா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் கடிதம், அறிக்கை, ஒப்பந்தம் என்று பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. எந்தத் தாளை எடுத்தாலும், ஐ.இ., இ.ஜி. என்ற இரண்டு சுருக்கங்கள் வரும் இடத்தில் ஒருமுறை நின்று படிப்பேன். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூட இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கூட வேலை பார்ப்பவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரண வாக்கியங்களைத் தமிழிலேயே தந்து, சுருக்கத்தை மட்டும் அதன் இடத்தில் வைத்திருக்கிறேன். பொருள் பளிச்சென்று தெரிய அதுதான் வசதி.

ஒரே மூச்சில் சொன்னால், எது எதற்கு?

ஐ.இ. என்றால் 'அதாவது'. இ.ஜி. என்றால் 'எடுத்துக்காட்டாக'.

ஐ.இ.க்கு முன்னால் சொன்னதும் பின்னால் வருவதும் ஒன்றேதான். சொன்னதையே இன்னும் தெளிவாகச் சொல்கிறோம். இ.ஜி.க்குப் பின்னால் வருவது, முன்னால் சொன்னதில் ஒரு பகுதி மட்டும். மீதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

'ஆண்டின் மிகக் குறுகிய மாதம், ஐ.இ., பிப்ரவரி.' இதில் வேறு எந்த மாதத்துக்கும் இடமில்லை. '31 நாள் உள்ள மாதங்கள், இ.ஜி., ஜனவரி, மார்ச்.' இதில் மே, ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் ஐந்தும் பெயர் சொல்லப்படாமல் இருக்கின்றன.

ஐ.இ. என்பது 'இன் எக்ஸாம்பிள்' என்பதன் சுருக்கம் இல்லையா?

இல்லை. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இந்த நினைப்புதான். இரண்டுமே ஆங்கிலச் சொற்களின் சுருக்கங்கள் அல்ல, லத்தீனின் சுருக்கங்கள்.

ஐ.இ. என்பது 'இட் எஸ்ட்'. 'இட்' என்றால் அது, 'எஸ்ட்' என்றால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 'அது இதுதான்', நம் 'அதாவது'. இ.ஜி. என்பது 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா'. 'எக்ஸெம்ப்ளி' என்றால் எடுத்துக்காட்டின், 'கிராட்டியா' என்றால் பொருட்டு. எடுத்துக்காட்டின் பொருட்டு என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். 'எக்ஸாம்பிள் கிவன்' என்று சிலர் விரித்துச் சொல்கிறார்கள். நினைவில் வைக்க உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உண்மையான விரிவு அது அல்ல.

ஆங்கிலத்துக்குள் லத்தீன் எப்படி வந்தது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கல்விக்கும் திருச்சபைக்கும் சட்டத்துக்கும் லத்தீன்தான் பொது மொழி. நியூட்டன் ஆங்கிலேயர்தான், ஆனாலும் ஈர்ப்பு விதியைச் சொல்லும் தன் பெரிய நூலை 1687இல் லத்தீனில்தான் வெளியிட்டார். அப்படி எழுதிப் பழகிய கைகள் ஆங்கிலத்துக்கு மாறியபோது, அடிக்கடி போட்ட சுருக்கங்களும் கூடவே வந்துவிட்டன.

நம் உரையாசிரியர்களுக்கும் இப்படிச் சுருக்கங்கள் உண்டு. பழைய உரைப் பதிப்புகளைப் புரட்டினால் 'என்றவாறு' என்பதற்கு 'எ-று' என்றும், 'இதன் பொருள்' என்பதற்கு 'இ-ள்' என்றும் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கை தானாகவே சுருக்கிவிடும். எந்த மொழியானாலும் அது இயல்பு.

'அதாவது', 'எடுத்துக்காட்டாக' என்று மனப்பாடமாகவே தெரியும். எழுதும்போது மட்டும் ஏன் தவறுகிறது?

இந்தக் கேள்வியை நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். பழி 'அதாவது' மேல்தான் விழுகிறது. எழுத்துத் தமிழில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. பேச்சில் அப்படி இல்லை. பேச்சைத் தொடங்க, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ள, விளக்க, உதாரணம் சொல்ல, எல்லாவற்றுக்கும் 'அதாவது' என்கிறோம். 'நிறையப் படிக்கணும், அதாவது நாவல், கட்டுரை...' என்று ஒருவர் சொன்னால், அங்கே அவர் மனத்தில் இருப்பது 'எடுத்துக்காட்டாக'. கவிதையும் வரலாறும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது 'அதாவது' கையோடு வந்து ஐ.இ.யாக உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் 'அதாவது' பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நான் வேறு இரண்டு சொற்களை வைத்துப் பார்ப்பேன்: 'ஆகிய', 'முதலிய'. 'வல்லினம், மெல்லினம், இடையினம் ஆகிய மூன்று இனங்கள்' என்கிறோம். மூன்றையும் சொல்லியாயிற்று, பட்டியல் மூடிவிட்டது. 'க, ச, ட முதலிய வல்லின எழுத்துகள்' என்கிறோம். த, ப, ற இன்னும் பாக்கி. பள்ளியில் தமிழாசிரியர் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் குறைத்திருப்பார். அந்தப் பாடம் அப்படியே ஆங்கிலத்துக்கும் உதவும். 'ஆகிய' போடத் தோன்றும் இடத்தில் ஐ.இ., 'முதலிய' அல்லது 'போன்ற' போடத் தோன்றும் இடத்தில் இ.ஜி.

நினைவில் வைக்க இன்னொரு வழியும் உண்டு. இரண்டு சுருக்கத்திலும் 'இ' இருக்கிறது. ஐ.இ.யில் அது கடைசியில் நிற்கிறது: 'இவ்வளவுதான்'. இ.ஜி.யில் முதலில் நிற்கிறது: 'இன்னும் உண்டு'. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை.

மாற்றிப் போட்டால்தான் என்ன? படிப்பவர் புரிந்துகொள்ள மாட்டாரா?

பல இடங்களில் புரிந்துகொள்வார். சில இடங்களில் தவறாகப் புரிந்துகொள்வார், அதுவும் நாம் எழுதியதைச் சரியாகப் படித்ததாலேயே.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'வளையம் உள்ள கோள்கள், இ.ஜி., சனி.' சரியான வாக்கியம். இ.ஜி.யை எடுத்துவிட்டு ஐ.இ. போட்டால், 'வளையம் உள்ள கோள் சனி ஒன்றுதான்' என்று ஆகிவிடும். அது உண்மையில்லை. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977இலும், வியாழனுக்கு உண்டு என்று 1979இலும் கண்டுபிடித்தார்கள், பிறகு நெப்டியூனுக்கும் உறுதியானது. 1977க்கு முன்னால் ஒருவர் அங்கே ஐ.இ. போட்டிருந்தால், அன்றைய அறிவுக்கு அது சரியாகவே இருந்திருக்கும். பின்னால் நிற்கும் 'சனி' அப்படியே இருக்க, முன்னால் உள்ள இரண்டெழுத்துதான் வாக்கியத்தை உண்மையாக்குகிறது, பொய்யாக்குகிறது.

கோள்கள் பற்றிய வாக்கியம் தவறினால் யாருக்கும் நேரடி நட்டமில்லை. மனிதர்கள் பற்றியது அப்படி இல்லை. பல வருடம் முன்னால் ஒரு பயிற்சிக்கான அறிவிப்பை நான் எழுதினேன். விண்ணப்பத்தோடு 'புகைப்படம் உள்ள அடையாள ஆவணம், ஐ.இ., பாஸ்போர்ட்' நகலை இணைக்கவும் என்று அதில் ஒரு வரி. கடைசித் தேதி போன பிறகு ஒரு பெண் போன் செய்தார். தன்னிடம் ஓட்டுநர் உரிமம்தான் இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்கவில்லை, அதனால் விண்ணப்பிக்கவில்லை, அடுத்த முறை எப்போது என்று கேட்டார். ஓட்டுநர் உரிமத்தை நாங்கள் தாராளமாக ஏற்றிருப்போம். அவர் படித்தது தவறில்லை, பாஸ்போர்ட் மட்டும்தான் என்றே அந்த வரி சொன்னது. எழுதிய என் பிழையால் அவருக்கு ஒரு வாய்ப்பு போயிற்று. அதற்குப் பிறகு எந்த ஐ.இ.யையும் நான் நிற்காமல் தாண்டியதில்லை.

ஒப்பந்தங்களில் இது இன்னும் கனமான விஷயம். ஒரு பட்டியலை எதிர்த்தரப்பு 'இவ்வளவுதான்' என்று வாசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வழக்கறிஞர்கள் 'இன்க்ளூடிங் பட் நாட் லிமிடெட் டு' என்று நீட்டி எழுதுகிறார்கள். உள்ளிட்டவை, ஆனால் இவற்றோடு நின்றுவிடுபவை அல்ல என்று பொருள். அந்த இடத்தில் சுருக்கத்தை நம்ப வேண்டாம், முழுச் சொற்களில் எழுதுங்கள்.

ஒரு பொருளைச் சொன்னால் ஐ.இ., பல பொருளைச் சொன்னால் இ.ஜி. என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். சரியா?

சரியில்லை. எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. 'ஒளியின் முதன்மை நிறங்கள், ஐ.இ., சிவப்பு, பச்சை, நீலம்.' மூன்று பெயர் வந்தும் ஐ.இ.தான், ஏனென்றால் நான்காவது கிடையாது. 'சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் தனிமம், இ.ஜி., பாதரசம்.' ஒரே பெயர் வந்தும் இ.ஜி.தான், ஏனென்றால் புரோமினும் அப்படித்தான் இருக்கும்.

ஐ.இ.க்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு முழு விளக்கமே வரலாம். 'இந்தக் கோப்பு படிக்க மட்டும் உரியது, ஐ.இ., திறந்து பார்க்கலாம், ஆனால் மாற்ற முடியாது.' ஒரு கலைச்சொல்லைப் பொதுவாசகருக்குப் பிரித்துச் சொல்ல இது மிக நல்ல இடம். ஐ.இ.யின் முழுப் பயனும் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

இ.ஜி. போட்டுவிட்டுப் பட்டியலின் முடிவில் எட்செட்ரா போடலாமா?

வேண்டாம். 'இவை சில உதாரணங்கள்' என்று இ.ஜி. ஏற்கெனவே சொல்லிவிட்டது. முடிவில் எட்செட்ராவும் வந்தால் 'எடுத்துக்காட்டாக அ, ஆ முதலியன போன்றவை' என்று எழுதியது போல ஆகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். 'சச் ஆஸ்', 'இன்க்ளூடிங்' வரும் வாக்கியங்களுக்கும் இதே கதைதான்.

ஐ.இ.க்குப் பின்னால் எட்செட்ரா வந்தால் அது வெறும் மிகை இல்லை, முரண். மூடிய பட்டியலுக்கு 'மற்றவை' எங்கிருந்து வரும்? திருத்தும்போது இந்த ஜோடியைப் பார்த்தால், எழுதியவருக்கு வேண்டியது இ.ஜி.தான் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எத்தனை உதாரணம் கொடுக்கலாம்?

இரண்டு, மூன்று போதும். எட்டு, ஒன்பது என்று போனால் அது உதாரணம் இல்லை, பட்டியல். அதற்குத் தனி வாக்கியம் எழுதுங்கள்.

புள்ளிகள் எங்கே?

ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு புள்ளி, நடுவில் இடைவெளி கிடையாது. இது பெரும்பாலான பதிப்பகங்கள் ஏற்கும் வடிவம். இரண்டு எழுத்தும் இரண்டு தனிச் சொற்களின் முதலெழுத்துகள் என்பதால் இரண்டு புள்ளி. கடைசியில் மட்டும் ஒரு புள்ளி வைப்பது எந்த முறையிலும் சேராது. நான் அதிகம் திருத்துவது அந்த வடிவத்தைத்தான்.

புள்ளியே இல்லாமல் எழுதும் பழக்கமும் பிரிட்டனில் உண்டு. கார்டியன் நாளிதழின் நடை அதுதான். அதுவும் தவறில்லை. ஆனால் ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் புள்ளியோடும் இன்னோரிடத்தில் புள்ளியில்லாமலும் வரக் கூடாது.

பின்னால் காற்புள்ளி வேண்டுமா?

அமெரிக்க முறையில் வேண்டும். சிகாகோ கையேடு (பதிப்பகங்கள் பின்பற்றும் நடைக் கையேடு), ஏ.பி.ஏ. நடை (அமெரிக்க உளவியல் சங்கம் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வகுத்தது) இரண்டும் இரண்டு சுருக்கத்துக்கும் பிறகு காற்புள்ளி போடச் சொல்கின்றன. பிரிட்டிஷ் முறையில், குறிப்பாக ஆக்ஸ்ஃபோர்டு வழக்கத்தில், பின்னால் காற்புள்ளி போடுவதில்லை. உங்கள் ஆசிரியரோ இதழோ எந்த முறையைக் கேட்கிறார்களோ அதைப் பின்பற்றுங்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், மற்ற சொற்களின் எழுத்துக்கூட்டலை எந்த நாட்டு முறையில் எழுதுகிறீர்களோ அதையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் காற்புள்ளி போட்டிருக்கிறேன். இடைநிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

முன்னால்?

முன்னால் ஏதாவது ஒரு நிறுத்தம் கட்டாயம் வேண்டும். காற்புள்ளி, அடைப்புக்குறி, கோடு, எதுவானாலும் சரி. பின்னால் வருவது முழு வாக்கியமாக இருந்தால் அரைப்புள்ளி பொருத்தமாக இருக்கும். 'கூட்டம் தள்ளிப்போகிறது; ஐ.இ., திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம்.' அரைப்புள்ளிக்கு முன்னாலும் முழு வாக்கியம், பின்னாலும் முழு வாக்கியம்.

அடைப்புக்குறி போட்டால் அதை மூட மறக்காதீர்கள். நீண்ட உதாரணப் பட்டியல் வரும் இடங்களில் பலர் மறக்கிறார்கள்.

பெரிய எழுத்தில் எழுதலாமா? வாக்கியத்தை இதைக் கொண்டு தொடங்கலாமா?

இரண்டும் எப்போதும் சின்ன எழுத்துதான். வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் முதலெழுத்தைப் பெரிதாக்க வேண்டிவரும், அப்போது அது பார்க்கவே அந்நியமாக இருக்கும். அந்த இடத்தில் 'ஃபார் எக்ஸாம்பிள்' அல்லது 'தட் இஸ்' என்று விரித்து எழுதிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை உண்டு. போனிலும் கணினியிலும் தட்டச்சு செய்யும்போது, சுருக்கத்தின் கடைசிப் புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்து, அடுத்த சொல்லின் முதலெழுத்தை மென்பொருள் தானாகப் பெரிதாக்கிவிடும். எழுதி முடித்த பிறகு அந்த இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இ.ஜி.க்குப் பின்னால் காரணமில்லாமல் பெரிய எழுத்து நின்றால், எழுதியவர் திரும்பிப் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

சாய்வெழுத்தில் போட வேண்டுமா? லத்தீன் ஆயிற்றே.

வேண்டாம். இவை ஆங்கிலத்தின் சொந்தச் சரக்காகிப் பல காலம் ஆகிறது.

ஆய்வுக் கட்டுரையில் எங்கே போடலாம், எங்கே கூடாது?

ஏ.பி.ஏ. நடையில் விதி தெளிவானது. அடைப்புக்குறிக்குள் என்றால் சுருக்கம், ஓடும் வாக்கியத்தில் என்றால் முழு ஆங்கிலச் சொல். சிகாகோ முறையிலும் அடைப்புக்குறிக்கும் அடிக்குறிப்புக்கும்தான் இவற்றை ஒதுக்கச் சொல்கிறார்கள்.

ஆய்வு மாணவர்கள் இதைக் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கண் வேகமாகத் தொட்டுவிட்டுப் போகும், அங்கே சுருக்கம் இயல்பாக இருக்கிறது. ஓடும் வாக்கியத்தின் நடுவில் புள்ளிகளும் காற்புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவரின் கண் இடறும். ஒரு பத்தியை இரண்டு விதமாகவும் எழுதி உரக்கப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உரக்கப் படிக்கும்போது எப்படிச் சொல்வது?

எழுத்தெழுத்தாக 'இ ஜி', 'ஐ இ' என்று சொல்லலாம். 'ஃபார் எக்ஸாம்பிள்', 'தட் இஸ்' என்று விரித்தும் வாசிக்கலாம். மேடையில் பேசும்போது விரித்துச் சொல்வதே நல்லது. காதில் விழும்போது இரண்டு சுருக்கமும் ஒன்று போலவே கேட்கும். லத்தீனில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சில அலுவலகங்களில் இவற்றையே தவிர்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

நல்ல காரணம் இருக்கிறது. பிரிட்டன் அரசின் ஜிஓவி.யூகே இணையதளம் 2016இல் இந்தச் சுருக்கங்களைத் தன் பக்கங்களிலிருந்து நீக்கும் முடிவை எடுத்தது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்கள் சில, புள்ளியில்லாத இ.ஜி.யை ஒரே சொல்லாக்கி, முட்டையைக் குறிக்கும் 'எக்' என்று வாசித்துவிடுகின்றன. வரி கட்டுவது பற்றியோ விண்ணப்பம் பற்றியோ கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வாக்கியத்தின் நடுவில் முட்டை வந்தால் எப்படி இருக்கும்? அவர் நின்று, பின்னால் போய், மறுபடி கேட்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும், அவசரத்தில் படிப்பவர்களும் தடுமாறுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன இன்னொரு காரணம்.

பொதுமக்களுக்கான அறிவிப்பு, படிவம், மருந்துக் குறிப்பு, பாதுகாப்பு விதி, இவற்றில் நானும் சுருக்கத்தை எடுத்துவிட்டு முழுச் சொல்லைப் போட்டுவிடுகிறேன். சேமிப்பது நாலைந்து எழுத்துதான். அதற்காக ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. துறை சார்ந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கட்டுரையிலும் மின்னஞ்சலிலும் தாராளமாகப் போடலாம்.

எட்செட்ரா பற்றியும் சொல்லுங்கள்.

'எட்' என்றால் 'உம்' அல்லது 'மற்றும்', 'செட்ரா' என்றால் மீதி. 'மற்றவையும்' என்று பொருள். 'மற்றும்' உள்ளேயே இருப்பதால் 'அண்ட் எட்செட்ரா' என்று எழுதினால் 'மற்றும்' இரண்டு முறை வருகிறது. & என்ற குறிகூட 'எட்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகள் ஒட்டிப் பிறந்ததுதான். பழைய ஆங்கில அச்சுகளில் அந்தக் குறியோடு ஒரு 'சி' மட்டும் சேர்த்து எட்செட்ரா என்று காட்டியிருப்பார்கள்.

பலர் வாயில் இது 'எக்செட்ரா' ஆகிவிடுகிறது. அந்த உச்சரிப்பு எழுத்திலும் இறங்கி, இ, டி, சி என்று வர வேண்டிய வரிசை இ, சி, டி என்று மாறிவிடுகிறது. 'எட்' என்று தெளிவாகச் சொல்லிப் பழகினால் எழுத்தும் தானாகச் சரியாகும்.

வாக்கியத்தின் முடிவில் வந்தால் ஒரு புள்ளிதான், இரண்டாவது வேண்டாம். கேள்வி என்றால் புள்ளியும் கேள்விக்குறியும் சேர்ந்து வரும். மனிதர்களின் பெயர்ப் பட்டியலுக்குப் பின்னால் இதைப் போடாதீர்கள். அது அவர்களை மிச்சம் மீதி என்று சொல்வது போல இருக்கும்.

இன்னொன்று மனமாரச் சொல்கிறேன். வரிசையில் அடுத்து என்ன வரும் என்று படிப்பவருக்கே தெரிந்தால் மட்டும் எட்செட்ரா போடுங்கள். 'திங்கள், செவ்வாய், எட்செட்ரா' என்றால் புதன் வரும் என்று யாருக்கும் தெரியும். 'நேர்மை, கடிதங்கள், எட்செட்ரா' என்றால் அடுத்து என்ன? எழுதியவருக்கே தெரியாததைச் சுருக்கம் மூடி மறைக்கிறது.

விஸ்., சி.எஃப்., எட் ஆல். இவையும் இதே குடும்பமா?

ஆமாம், ஆனால் வேலை வேறு வேறு.

விஸ். என்பது 'விடெலிசெட்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். ஏற்கெனவே எண்ணிக்கை சொன்ன பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்கும்போது வரும். 'இரண்டு நிபந்தனைகள், விஸ்., வயதும் கல்வித் தகுதியும்.' தமிழில் 'அவையாவன' என்று சொன்னால் மிகச் சரியாக இருக்கும். வாசிக்கும்போது 'நேம்லி' என்றே வாசிப்பார்கள். அந்தச் சொல்லில் 'இசட்' ஒலியே இல்லையே, சுருக்கத்தில் எப்படி வந்தது என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டார். அருமையான கேள்வி. இடைக்காலத்தில் கையால் எழுதியவர்கள், சொல்லின் வாலைச் சுருக்கிவிட்டோம் என்று காட்ட ஒரு குறி போட்டார்கள். அந்தக் குறி 'இசட்' எழுத்தைப் போல இருந்ததால் அச்சுக்கு வந்தபோது 'இசட்' ஆகவே நிலைத்துவிட்டது.

சி.எஃப். என்றால் 'ஒப்பிடுக'. வேறு ஒரு நூலைப் 'பார்க்க' என்ற பொருளில் பலர் போடுகிறார்கள், அது சரியில்லை. நீங்கள் சொன்னதோடு வைத்துப் பார்க்கத் தக்க இன்னொரு கருத்தைக் காட்டும்போதுதான் வர வேண்டும்.

எட் ஆல். என்றால் 'மற்றவர்களும்'. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்களுக்குப் பின்னால் வருவது. 'எட்' முழுச் சொல் என்பதால் அதற்குப் புள்ளி கிடையாது, 'ஆல்' சுருக்கம் என்பதால் அதற்கு மட்டும் புள்ளி. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி மூன்று அல்லது அதற்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால், கட்டுரைக்குள் முதல் முறை குறிப்பிடும்போதே இதைப் போட்டுவிடலாம்.

தமிழில் எழுதும்போது இவற்றை இடையில் போடலாமா?

தேவையே இல்லை. இ.ஜி.க்கு நம்மிடம் எ.கா. இருக்கிறது, பாடநூல்கள் முழுக்கப் பயன்படுகிறது. ஐ.இ.க்குச் சுருக்கம் எதுவும் பரவலாக இல்லை, 'அதாவது' என்றே எழுதிவிடலாம். எ.கா. போட்ட பட்டியலின் முடிவிலும் 'முதலியன' சேர்க்க வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

எழுதி முடித்த கட்டுரையில் இவற்றை எப்படிச் சரிபார்ப்பது?

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். முதலில் கட்டுரை முழுக்க ஐ.இ.யை மட்டும் தேடு பெட்டியில் போட்டுத் தேடுவேன். இ.ஜி.யை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதிகம் தவறுவது ஐ.இ.தான். ஒவ்வோர் இடத்திலும் பின்னால் வரும் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, முன்னால் உள்ளதை மட்டும் படிப்பேன். 'தரவுகளைத் திறந்த வடிவில் தர வேண்டும்' என்று இருக்கிறது என்று வையுங்கள். திறந்த வடிவங்கள் என்னென்ன என்று மனத்துக்குள் கேட்பேன். இரண்டு மூன்று விடை தோன்றும். பிறகு கையை எடுத்தால், ஐ.இ.க்குப் பின்னால் ஒரே ஒரு வடிவத்தின் பெயர் நிற்கும். அங்கே ஓரத்தில் எழுதியவருக்கு ஒரு கேள்வி வைப்பேன்: 'இது மட்டும்தானா, மற்றவையும் சரியா?'

நானாக மாற்றிவிடுவதில்லை. உண்மையிலேயே அந்த ஒரு வடிவம் மட்டும் வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். அப்படி என்றால் பிழை சுருக்கத்தில் இல்லை, முன்னால் உள்ள சொல் பொதுவாக இருப்பதுதான் பிழை. அதை இறுக்கிச் சொல்ல வேண்டும். அவர் பதில் வந்த பிறகு எதை மாற்றுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்வோம்.